எழுதி அனுப்புறேன் என்றார் டாக்டர்

உங்கள் மையத்திலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். மருத்துவத்திலும் சமூக நலத்திலும் டிஜிட்டல் புதுமைகளைக் கொண்டுவரப் பல்கலைக்கழகம் எப்படியெல்லாம் கைகொடுக்கலாம் என்று, புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக என் அனுபவத்தை எழுதித் தர வேண்டுமாம். "கொஞ்சம் ஊக்கம் தர்ற மாதிரி இருந்தா நல்லா இருக்கும் மேடம்" என்றார். ஊக்கம் வேண்டுமென்றால் உங்கள் வரவேற்பறைச் சுவரில் மாட்டியிருக்கும் படங்களைப் பாருங்கள். அதில் ஒன்றில் நானும் இருக்கிறேன். இடது ஓரத்தில், பாதி உடம்பு வெட்டுப்பட்டு நிற்கிற பொம்பளை நான்தான். அந்தப் படம் எடுத்த நாளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். படித்துவிட்டு ஊக்கம் வந்தால் சந்தோஷம்.

நான் சமூகப் பணித் துறையில் களப்பணி அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவள். துறையில் இருக்கிறவர்கள் எழுதுவார்கள், பேசுவார்கள். பஸ் ஏறிப் போய் ஆட்களைப் பார்த்து வருவது என் வேலை. இரண்டாயிரத்துகளின் நடுவில் கணினித் துறைப் பேராசிரியர் ஒருவர் ஒரு திட்டம் எழுதி நிதி வாங்கிவிட்டார். விருத்தாசலத்தில் ஒரு அறை எடுத்து, கேமராவும் திரையும் வைத்து, நம் மருத்துவக் கல்லூரியில் இருக்கிற நுரையீரல் டாக்டரை அங்கே உள்ள பீங்கான் தொழிலாளர்களோடு இணைப்பது என்பது யோசனை. நல்ல யோசனை. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். பொம்மையும் ஃபியூஸ் கட்டையும் செய்கிற அந்தக் கம்பெனிகளில் களிமண்ணோடு குவார்ட்ஸ் என்கிற கல்லின் பொடியைக் கலப்பார்கள். மைதா மாவைவிட நைசாக இருக்கும். சலிக்கும்போது மூச்சோடு உள்ளே போய் நெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும், பிறகு எழுந்திருக்காது. ஊர் டாக்டர்கள் சளி மருந்து கொடுத்து அனுப்புவார்கள். அந்த ஊருக்கு ஒரு நுரையீரல் டாக்டர் திரையில் வந்தால்கூட அது பெரிய விஷயம்தான்.

அந்தப் பேராசிரியர் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்கள் அவரை நன்றாகத் திட்டிவிட்டு, நாம் அப்படி இல்லை என்று நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவீர்கள். ஓடியாடி உழைக்கிற மனிதர். மாணவர்களுக்குத் தன் கைக்காசில் சாப்பாடு வாங்கிக் கொடுப்பார். அவரைப் போன்ற ஆள் உங்கள் மையத்தில் இப்போதும் இருப்பார். ஒருவேளை அது நீங்களாகவே இருக்கலாம்.

திட்டம் தொடங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஆன பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள். இரண்டாம் கட்ட நிதி கொடுப்பதா வேண்டாமா என்று பார்க்க ஒரு குழு வரப் போகிறது, திட்டத்தின் தலைப்பில் சமூக நலம் என்று ஒரு வார்த்தை இருக்கிறது, அந்த வார்த்தைக்குப் பக்கத்தில் நிறுத்த ஒரு ஆள் வேண்டும். நான் கருவேப்பிலங்குறிச்சிக்காரி, அந்தப் பக்கத்துப் பேச்சு தெரியும். அதுவே போதுமான தகுதியாக இருந்தது.

போனதும் எனக்குக் காட்டியது மாணவர்கள் எடுத்திருந்த கணக்கெடுப்பை. கையடக்கக் கருவிகளோடு கம்பெனி கம்பெனியாகப் போய்க் கேட்டிருந்தார்கள். இருமல் உண்டா, சளி உண்டா, மூச்சு வாங்குகிறதா. எல்லாருக்கும் ஒன்றுமே இல்லை. தமிழ்நாட்டிலேயே ஆரோக்கியமான நெஞ்சு விருத்தாசலத்துப் பீங்கான் தொழிலாளிக்குத்தான் என்று அந்தக் கருவி சொன்னது. வரைபடமெல்லாம் போட்டு அழகாக வைத்திருந்தார்கள். "எங்க வச்சுக் கேட்டீங்க?" என்றேன். "கம்பெனிக்குள்ளதான் மேடம், மேஸ்திரி ரொம்ப ஒத்துழைச்சாரு, கூடவே நின்னாரு" என்றான் ஒரு பையன். மேஸ்திரி பக்கத்தில் நிற்கும்போது எவள் இருமுவாள்? இருமுகிறவளை நாளைக்கு வேலைக்கு வராதே என்று அனுப்பிவிடுவார்கள். அன்று சாயங்காலம் வேலை விட்டுப் போகிற பெண்களோடு ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தேன். ஆட்டோ தெருமுனை திரும்பியதும் ஒரு பெண் ஆரம்பித்தாள், பிறகு எல்லோரும் இருமினார்கள். அதுவரை அடக்கி வைத்திருந்த இருமல். கருவி பொய் சொல்லவில்லை. கேட்ட இடம் தப்பு. உங்கள் கருவிகள் இன்னும் கெட்டிக்காரத்தனமாக இருக்கும். அவை யார் முன்னால் வைத்துக் கேட்கின்றன என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது கொளஞ்சியம்மாளிடம் வருகிறேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் அறை. திறப்பு விழாவன்று கூட்டம் சேர்க்க வேண்டும் என்று ஒரு கம்பெனி முதலாளி தன் ஆட்களில் சிலரை அனுப்பியிருக்கிறார். அதில் ஒருவர் கொளஞ்சியம்மாள், பொடி சலிக்கிற கொட்டகையில் பல வருடமாக வேலை செய்கிறவர். முதலாளியே அனுப்பியதால் பயமில்லாமல் இருமியிருக்கிறார். மாணவர்கள் அவரை உட்கார வைத்து டிஜிட்டல் ஸ்டெதஸ்கோப்பை முதுகில் வைத்தார்கள். ஒலிபெருக்கியில் சத்தம் வந்தது. காய்ந்த ஓலையை மிதித்த மாதிரி இருந்ததாம். வந்திருந்த பெரியவர்கள் ஆளுக்கு ஒருமுறை ஹெட்போனை மாட்டிக் கேட்டுவிட்டு, இவ்வளவு தெளிவாகக் கேட்கிறதே என்று பாராட்டினார்கள். அதற்குப் பிறகு எந்த விருந்தாளி வந்தாலும் கொளஞ்சியம்மாளைக் கூப்பிட்டு அனுப்புவது வழக்கமாகிவிட்டது. திரையில் டாக்டர் வருவார், எத்தனை நாளா இருமல் என்று கேட்பார், சத்தம் கேட்பார், கடைசியில், "சளி டெஸ்ட்டும் மருந்தும் எழுதி அனுப்புறேம்மா" என்பார். எல்லோரும் கை தட்டுவார்கள். டீ வரும்.

அதற்கு மேல் ஒன்றும் நடக்காது. ஏனென்றால் அது டெமோ. அந்த அறையில் நிஜமாக ஒருவருக்கு வைத்தியம் பார்க்க வேண்டுமென்றால் கணினித் துறைக்கும் மருத்துவக் கல்லூரிக்கும் ஓர் ஒப்பந்தம் வேண்டும். ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்ற ஒரு வரியில் அது நின்றுகொண்டிருந்தது. அவர்கள் இவர்களைக் காட்டினார்கள், இவர்கள் அவர்களைக் காட்டினார்கள். இரண்டு கட்டிடங்களும் ஒரே வளாகத்தில்தான் இருந்தன, நடுவில் ஒரு கேண்டீன். நூறு மைலுக்கு அப்பால் இருக்கிற நெஞ்சின் சத்தத்தை நொடியில் கொண்டுவர முடிந்த எங்களால், அந்தக் கேண்டீனைத் தாண்டி ஒரு கையெழுத்தைக் கொண்டுவர முடியவில்லை. அதுவரை டெமோ மட்டும் செய்யலாம் என்று அனுமதி. செய்தோம், செய்துகொண்டே இருந்தோம்.

குழு வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம் பேராசிரியர் என்னிடம், "நாளைக்குக் காலையில சீக்கிரமா வந்துடணும்னு கொளஞ்சியம்மா கிட்ட நேர்ல சொல்லிட்டு வந்துடுங்க மேடம்" என்றார். கொளஞ்சியம்மாள் வீட்டுக்கு நான் போவது அதுதான் முதல் தடவை. ஓட்டு வீடு. கொளஞ்சியம்மாள் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். ஐம்பதுக்குள்தான் வயது இருக்கும், பார்த்தால் எழுபது சொல்லலாம். மகள் சுதா, அவளும் அதே கொட்டகையில் வேலை செய்கிறவள், அடுப்பில் உலை வைத்திருந்தாள்.

சும்மா பேச்சுக்கு, "மருந்தெல்லாம் ஒழுங்கா சாப்புடுறீங்களா?" என்று கேட்டேன்.

"மருந்து இன்னும் வரலீங்களே" என்றார் கொளஞ்சியம்மாள். "டாக்டரு எழுதி அனுப்புறேன்னு சொல்லியிருக்காரு. வரட்டும்னு இருக்கேன்."

எனக்குச் சட்டென்று புரியவில்லை. "வேற ஆஸ்பத்திரியில காட்டலியா?"

"எதுக்குங்க? அவ்ளோ பெரிய டாக்டரு டிவியில வந்து பாக்குறாரு. ஒரே சமயத்துல ரெண்டு டாக்டரு மருந்து தின்னா ஒடம்புக்கு ஒத்துக்காதுல்ல."

சுதா அடுப்பைவிட்டுத் திரும்பாமலே சொன்னாள்: "நான் எவ்வளவோ சொல்லிட்டேங்க. கேக்க மாட்டேங்குது. அந்தச் சீட்டு கடைசி வூட்டுக் கொளஞ்சிகிட்ட போயிடுச்சுன்னு சொல்லுது."

விருத்தாசலம் பக்கம் தெருவுக்கு நாலு கொளஞ்சி இருப்பார்கள். கொளஞ்சியப்பருக்கு வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அதே பெயர். அந்தத் தெருவின் கடைசி வீட்டிலும் ஒரு கொளஞ்சி இருந்தார். "தபால்காரரு அவ கையில குடுத்திருப்பாரு. அவளுக்கும்தான் இருமல் இருக்குது. எம் பேருல வந்த மருந்த வாங்கித் தின்னுட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி இருக்குறா" என்றார் கொளஞ்சியம்மாள். தெருக் குழாயில் வைத்து அவளைக் கேட்டே விட்டாராம். பெரிய சண்டை. சின்ன வயசிலிருந்து ஒன்றாக வேலைக்குப் போனவர்கள், மாசக் கணக்கில் பேச்சு வார்த்தை இல்லை.

சண்டையைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. என்ன சொல்வது? எழுதியே இருக்க மாட்டார்கள் என்று எனக்கு அப்போதே சந்தேகம், ஆனால் உறுதியாகத் தெரியாது. காலையில் முதல் வேலையாகப் பேராசிரியரைப் பிடித்துக் கேட்டுவிட்டு, டெமோ இருந்தாலும் இல்லாவிட்டாலும் இவரை நிஜ ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்விட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு எழுந்தேன். "நாளைக்கு வந்துடுறேங்க, நல்ல பொடவையா கட்டிக்கிட்டு வரேன்" என்றார்.

காலையில் அறை கல்யாண வீடு மாதிரி இருந்தது. வாசலில் கோலம், சாமந்திச் சரம், பேனர். ஜீப் ஓட்டுகிற பழமலை, குழுவை அழைத்து வர ரயில்வே ஜங்ஷனுக்குக் கிளம்ப வேண்டியவர், ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே லைன் போட்டாகிவிட்டது. திரையில் அந்தப் பக்கத்து நாற்காலி காலியாகத் தெரிந்தது, டாக்டர் இன்னும் வரவில்லை. நான் பேராசிரியரிடம் வாயைத் திறப்பதற்குள் வாசலில் ஷேர் ஆட்டோ வந்து நின்றது.

கொளஞ்சியம்மாளைச் சுதா தாங்கிப் பிடித்து இறக்கினாள். நல்ல புடவைதான், மாம்பழ நிறம். உதடு நிறம் மாறியிருந்தது. ஒரு வார்த்தை பேசினால் அடுத்த வார்த்தைக்கு மூச்சு இல்லை. "ராத்திரி பூரா படுக்கவே இல்லீங்க, உக்காந்துகிட்டே இருந்துச்சு" என்றாள் சுதா. "ஆஸ்பத்திரிக்குப் போலாம்மான்னேன். டாக்டருதான் இன்னைக்குப் பாக்குறாரே, நேரா அங்கயே போயிடலாம்னு சொல்லிட்டுது." உள்ளே கொண்டுபோய் உட்கார வைத்தோம், வழக்கமான நாற்காலியில், கேமராவுக்கு எதிரே. வேறு நாற்காலி பக்கத்தில் இல்லை. அவர் இருமினார், முந்தானையில் ரத்தம் வந்தது. என் புடவையிலும் பட்டது.

அப்போது திரையில் டாக்டர் வந்து உட்கார்ந்தார். இளவயதுக்காரர், சிரித்த முகம். "குட்மார்னிங் மேடம். கமிட்டி வந்தாச்சா?" என்றார். பிறகு கொளஞ்சியம்மாளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னைக்குக் கொஞ்சம் ஓவரா பண்றாங்களே. குறைச்சுக்கச் சொல்லுங்க, கமிட்டி பயந்துடப் போறாங்க."

"யாரு டாக்டர், என்ன பண்றாங்க?"

"இந்தம்மாதான். எப்பவும் நல்லாத்தான் பண்ணுவாங்க."

மருத்துவக் கல்லூரியில் பரீட்சை நேரத்தில் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்து நோயாளி மாதிரி உட்கார வைப்பார்களாம். கணினித் துறையிலிருந்து ஒவ்வொரு தடவையும் டெமோ என்றுதான் தகவல் போயிருக்கிறது. பெயர், வயது, பழைய விவரம் எதுவும் போனதில்லை. அதனால் இவரும் அப்படி நடிக்க வந்த ஆள்தான் என்று அவர் முதல் நாளிலிருந்து நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நெஞ்சுச் சத்தம் மாணவர்கள் பதிவு செய்து வைத்து ஓட்டுகிற சத்தம் என்று நினைத்திருக்கிறார். "அவ்வளவு கிளியரா இருந்துச்சு மேடம், லைவா அப்படி வராது" என்று பிறகு என்னிடம் சொன்னார். எங்கள் கருவியின் பெருமை அது.

"டாக்டர், இவங்க நிஜமாவே நோயாளி. முந்தானையில ரத்தம் வருது. உங்க மருந்துக்காக ஒரு வருஷமா காத்துக்கிட்டு இருக்காங்க" என்றேன்.

அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஒரு மனுஷன் முகம் அப்படி மாறுவதை அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. ஆனால் உடனே டாக்டராகிவிட்டார், அதைச் சொல்ல வேண்டும். "படுக்க வைக்காதீங்க. முன்னால சாய்ஞ்சு உக்காரட்டும். ஆக்சிஜன் இருக்கா?" அறையில் இரண்டு ஏசி இருந்தது, கம்ப்யூட்டருக்கு. ஆக்சிஜன் இல்லை. "அப்ப ஒரு நிமிஷம்கூட வைக்காதீங்க, பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. நான் போன் பண்றேன்" என்றார்.

பேராசிரியர் என் கையைப் பிடிக்காத குறையாக நின்றார். "மேடம், ஒரு பத்து நிமிஷம். டாக்டர் லைன்லயே இருக்காரு. கமிட்டி டிரெயினை விட்டு எறங்கியிருப்பாங்க. இதை அவங்க கண்ணால பார்த்தா, நாம என்ன செய்யறோம்னு விளக்கவே வேண்டாம். இந்த நிதி வந்தா இந்த மாதிரி ஆயிரம் பேரை நாம காப்பாத்தலாம்."

அவர் மனதார நம்பித்தான் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது. ஆயிரம் பேர் காகிதத்தில் இருந்தார்கள், ஒருத்தி நாற்காலியில் இருந்தாள். நீங்களும் ஒரு நாள் இந்த இடத்தில் வந்து நிற்பீர்கள். அப்போது உங்களைத் தடுக்கிறவர் கெட்டவராக இருக்க மாட்டார், நியாயமாகவே பேசுவார். வாதம் செய்துகொண்டிருக்காதீர்கள். அவர் பேசட்டும், நீங்கள் நோயாளியின் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்குங்கள். நான் அதைத்தான் செய்தேன். ஷேர் ஆட்டோ போய்விட்டிருந்தது, வாசலில் நின்றது எங்கள் ஜீப் ஒன்றுதான். "பழமலை, வண்டிய எடுங்க" என்றேன். "ஜங்ஷனுக்குப் போகணுமே மேடம்?" என்றவர், கொளஞ்சியம்மாளைப் பார்த்ததும் முன் சீட்டுக் கதவைத் திறந்துவிட்டார்.

ஊர் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். கடலூருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஆம்புலன்ஸ் வேறொரு கேஸுக்குப் போயிருந்தது, 108 எல்லாம் அப்போது வரவில்லை. சிலிண்டரோடு அதே ஜீப்பில் போனோம். வழியெல்லாம் கொளஞ்சியம்மாள் சைகையில் கேட்டது ஒன்றைத்தான்: டாக்டர் எழுதிவிட்டாரா என்று. சுதா எழுதிட்டாரும்மா, எழுதிட்டாரும்மா என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

வார்டில் சேர்த்துவிட்டு, சுதாவைக் கூட வைத்துவிட்டு நான் மட்டும் பஸ்ஸில் திரும்பி வந்தேன். எனக்கு வேலை போய்விடும் என்று நினைத்தேன், குழு கோபித்துக்கொண்டு போயிருக்கும் என்று நினைத்தேன். வந்து பார்த்தால் அறையில் ஒரே சிரிப்பும் பேச்சும். ஜங்ஷனிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கிய குழுவிடம் பேராசிரியர், சற்று முன்புதான் இந்த அறையில் ஓர் உயிரைக் காப்பாற்றினோம், எங்கள் அவசர உதவி இப்படித்தான் வேலை செய்கிறது என்று விளக்கியிருக்கிறார். பொய் என்று சொல்ல முடியாது. குழுத் தலைவர் என் கையைக் குலுக்கினார். எல்லோரும் படத்துக்கு நிற்கும்போது என்னையும் கூப்பிட்டார்கள். புடவையில் ரத்தம் இருக்கிறதே என்று ஓரமாக நிற்கச் சொன்னார்கள். பிறகு அந்த ஓரத்தையும் வெட்டிவிட்டார்கள். உங்கள் வரவேற்பறையில் இருப்பது அந்தப் படம். நடுவில் ஒரு நாற்காலி காலியாகத் தெரியும், பாருங்கள்.

இரண்டாம் கட்ட நிதி வந்தது. இன்னும் பெரிய திரை வாங்கினார்கள். ஒப்பந்தம் கேண்டீனுக்கு அந்தப் பக்கமே இருந்தது. கடலூர் டாக்டர் என்னிடம் சொன்னதை அவர்கள் யாரும் கேட்கவில்லை: தூசு பிடித்த நெஞ்சில் காசநோயும் ஏறியிருக்கிறது, காசநோயைக் குணப்படுத்திவிடலாம், ஆனால் ஒரு வருடம் முன்னாலேயே பார்த்து அந்தக் கொட்டகையிலிருந்து வெளியே எடுத்திருந்தால் பாதி நெஞ்சாவது மிஞ்சியிருக்கும். கொளஞ்சியம்மாள் மாசக் கணக்கில் படுத்திருந்துவிட்டு வீடு திரும்பினார். வாசலிலிருந்து தெருக் குழாய் வரை நடக்க முடியாத ஆளாகத் திரும்பினார்.

ஒரு நாள் பேராசிரியர் என்னைக் கூப்பிட்டு, வெளிநாட்டிலிருந்து சிலர் பார்க்க வருவதாகச் சொன்னார். "புதுசா ஒரு பேஷண்ட் வேணும் மேடம். கொளஞ்சியம்மாவுக்கு ஒரு பொண்ணு இருக்கால்ல, அவளுக்கு இருமல் ஏதாவது இருக்குதா?"

"இருக்குது சார்" என்றேன். "கடலூருக்குக் கூட்டிக்கிட்டுப் போயி எக்ஸ்ரே எடுத்து, மருந்தும் ஆரம்பிச்சாச்சு. கொட்டகை வேலைய விட்டுட்டு ஜவுளிக்கடையில சேர்ந்துட்டா. இனிமே சத்தம் அவ்வளவு நல்லா வராது."

நான் என் பழைய துறைக்கே திரும்பிவிட்டேன்.

பல்கலைக்கழகம் எப்படி உதவலாம் என்று கேட்டீர்கள் அல்லவா? இயந்திரம் வாங்க உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கேமராவுக்கு முன்னால் ஒருவரை உட்கார வைப்பதற்கு முன், இவர் யாருடைய நோயாளி என்று கேளுங்கள். பதிலாக ஒரு ஆளின் பெயர் வர வேண்டும். துறையின் பெயரோ திட்டத்தின் பெயரோ வந்தால் நாற்காலியை எடுத்து உள்ளே போட்டுவிடுங்கள். நம்மிடம் ஒத்திகை பார்க்க வருகிறவர் கிடையாது. வந்து உட்காருகிற ஒவ்வொருவரும் வைத்தியத்துக்குத்தான் வந்திருப்பார், நாம் அதற்கு என்ன பெயர் வைத்திருந்தாலும். இதைப் புரிந்துகொள்ள எந்தப் பட்டமும் வேண்டாம், ஆனால் பட்டம் வாங்கிய எங்கள் எல்லோருக்கும் ஒரு வருடம் புரியவில்லை.

கொளஞ்சியம்மாளுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. கூட வருகிறீர்களா என்று பேராசிரியரைக் கேட்டேன். சட்டச் சிக்கல் வரும் என்றார். டாக்டரைக் கேட்டேன். அவர் டெமோவில் உட்காருவதை அன்றோடு நிறுத்திவிட்டார், மாதாமாதம் மருந்து மாத்திரை தவறாமல் அனுப்பிக்கொண்டிருந்தார். "அவங்க முகத்தைப் பாக்க என்னால முடியாது மேடம்" என்றார். ஆகவே நான் மட்டும் போனேன்.

சுற்றி வளைக்காமல் சொன்னேன். டாக்டர் உங்களை நடிக்க வந்தவங்கன்னு நெனச்சுட்டாரும்மா, அதனால மருந்து எழுதவே இல்லை, யாரும் அனுப்பவும் இல்லை என்றேன். திட்டுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"எழுதவே இல்லியா?" என்றார்.

"இல்லம்மா."

"அப்ப அந்தக் கொளஞ்சி வாங்கல."

"இல்லம்மா. யாருக்கும் வரல."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எங்கம்மா போற என்று சுதா தடுத்துப் பார்த்தாள். கேட்கவில்லை. தெருவின் கடைசி வீடு. நடுநடுவே நின்று, மூச்சு வாங்கி, எங்கள் இருவர் தோளையும் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். அந்தக் கொளஞ்சி வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஏ கொளஞ்சி" என்றார் கொளஞ்சியம்மாள். "அந்தச் சீட்டு எழுதவே இல்லியாம். இந்தம்மா வந்து சொன்னாங்க. உம் மேல வீணா பழி போட்டுட்டேன். தப்புதான். மன்னிச்சுக்க."

அந்தக் கொளஞ்சி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் சேரைக் கொண்டுவந்து போட்டார். "இதைச் சொல்லவா இம்புட்டுத் தூரம் நடந்து வந்த? மொதல்ல உக்காரு, மூச்ச வுடு" என்றார்.

அடுத்த மழைக்காலத்தைக் கொளஞ்சியம்மாள் தாண்டவில்லை. நடந்ததில் நாங்கள் எத்தனை பேர் இருந்தோம்: பேராசிரியர், டாக்டர், மாணவர்கள், முதலாளி, கை தட்டிய விருந்தாளிகள், நான். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை கேட்டவர் அவர் ஒருவர்தான்.